ஓதம் ஆட்டும், பருவம் நகர்த்தும்: கொல்கத்தா வட்டாரக் கிணறுகளில் உப்பை அளக்கும் முறை

டிடிஎஸ் மீட்டரை ஒருமுறை நீரில் நனைத்து, தெரிகிற எண்ணைப் பார்த்து, "இந்தக் கிணறு நல்லது, அந்தக் கிணறு உப்பு" என்று முடிவு கட்டுவது கடலோரத்தில் எங்குமே போதாது. கொல்கத்தாவிலும் அதற்குத் தெற்கே விரிந்துகிடக்கும் கழிமுகத்திலும் அப்படி முடிவெடுப்பது ஆபத்து. நவம்பரில் அளந்த கிணறும் மே மாதத்தில் அளந்த கிணறும் ஒரே கிணறாக இருந்தாலும் ஒரே நீர் அல்ல. ஏற்ற நேரத்தில் பார்த்த மட்டம் வற்ற நேரத்தில் இருக்காது. ஓதம் கிணற்றின் மட்டத்தை ஆட்டுகிறது. பருவம் உப்பை நகர்த்துகிறது. நம் மோட்டார் அந்த உப்பைத் திரும்ப முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இந்த மூன்றையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் போர்வெல் எங்கே போடுவது, எத்தனை மணி நேரம் இறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

நகரின் அடியில் என்ன இருக்கிறது

1835 முதல் 1840 வரை வில்லியம் கோட்டைக்குள் குடிநீர் தேடி ஒரு துளை இறக்கினார்கள். 481 அடி போனார்கள். களிமண், மணல், மட்கிய மரப்படிவு என்று மாறிமாறி வந்தது. சியால்தாவில் குளம் வெட்டியபோது ஏறக்குறைய 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் நின்ற நிலையிலேயே கிடைத்தன. சுந்தரி, ஓதநீர் வந்துபோகும் சேற்றில் வளரும் மரம். இன்று ரயில் நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் அலையாத்திக் காடு இருந்தது, பிறகு நிலம் அமிழ்ந்து அதன்மேல் வண்டல் ஏறியது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். இன்றைய கிணறுகளில் வரும் கரிப்பில் ஒரு பகுதி அந்தப் பழைய காலத்தில் மண்ணோடு சேர்ந்து புதைந்த நீரிலிருந்து வருவது. நேற்றுக் கடலிலிருந்து நுழைந்தது என்று எல்லா உப்பையும் எண்ணிவிடக் கூடாது.

நகரின் பெரும்பகுதியில் மேலே கனமான களிமண் போர்வை கிடக்கிறது. பல இடங்களில் 30, 40 மீட்டர். அதற்குக் கீழேதான் நீர் தாங்கும் மணல் அடுக்குகள். மூடி போட்டது போன்ற இந்த அமைப்பினால் மணலில் உள்ள நீர் அழுத்தத்தோடு இருக்கிறது. 1950-களில் அந்த அழுத்த மட்டம் தரைக்கு மிக அருகில் இருந்தது. பிறகு அடுக்குமாடிகளும் ஆலைகளும் இறைக்க இறைக்க, பல மீட்டர் இறங்கி, நகரின் நடுவே ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. முன்பு வடக்கிலிருந்து தெற்காக நகர்ந்த நிலத்தடி நீர் இப்போது எல்லாப் பக்கங்களிலிருந்தும் அந்தப் பள்ளத்தை நோக்கி வருகிறது. தெற்கிலிருந்தும் வருகிறது என்பதுதான் கவலை, ஏனென்றால் தெற்கே உவர்நீர் இருக்கிறது.

ஓதம் எவ்வளவு தூரம் உள்ளே வரும்

சாகர் தீவிலிருந்து கொல்கத்தா ஆற்றுவழியே ஏறக்குறைய 145 கிலோமீட்டர். ஆனாலும் ஹூக்ளி ஆறு நகரத்தருகே நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது; அந்த அசைவு நவத்வீபம் வரை தெரியும். சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாளில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைச் சுற்றியே நிற்கும். சாகரிலும் டைமண்ட் ஹார்பரிலும் அது 4 மீட்டரைத் தாண்டும். தமிழகக் கடற்கரையில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

இரண்டு ஏற்றங்களுக்கு நடுவே 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தை இங்குள்ளவர்கள் பொரா கோட்டால் என்கிறார்கள். அட்டமியை ஒட்டிய சின்ன ஓதத்தை மொரா கோட்டால். பெரிய ஓத நாட்களில் சில வேளை ஆற்றில் பான் எனப்படும் அலைச்சுவரே எழும்பி மேலே ஓடும். ஆறு குறுகிக் கொண்டே போவதால், நகரத்தருகே ஏற்றம் வேகமாக முடிந்துவிடும், வற்றம் நெடுநேரம் இழுக்கும். ஆகவே "ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் வற்றம்" என்ற பாடப்புத்தகக் கணக்கை இங்கே நம்ப வேண்டாம். இந்திய நில அளவைத் துறை ஹூக்ளிக்கென்றே ஓத அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் கிணற்றுக்கு அருகிலுள்ள ஓத நிலையத்தின் பக்கத்தைப் பாருங்கள். சாகரில் உச்சம் வந்து சில மணி நேரம் கழித்துத்தான் கார்டன் ரீச்சில் வரும்.

இனி மண்ணுக்குள். ஆறோ கழியோ நேரடியாக மணலைத் தொடுகிற இடத்தை எடுத்துக்கொள்வோம். மேலே மூடியில்லாத மணல் என்றால் ஓதத்தின் அசைவு வெகு சீக்கிரம் அடங்கிவிடும். நடுத்தரமான மணலுக்குக் கணக்குப் போட்டால், கரையிலிருந்து 50 மீட்டரில் அசைவு பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆற்றில் 4 மீட்டர் ஏறி இறங்கினால் கிணற்றில் ஏறக்குறைய ஒன்றரைச் சாண். 100 மீட்டரில் அது மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. அதே மணல் களிமண்ணால் மூடப்பட்டிருந்தால் கதை வேறு. அங்கே அசைவு பரவ மிகக் குறைந்த நீர் இடம்பெயர்ந்தால் போதும். அதனால் அதே பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் வரும், அதுவும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தாமதமாக. கரையில் வற்றம் தொடங்கிய பிறகு கிணற்றில் மட்டம் ஏறுவதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டதோ என்று திகைக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. நகரத்தின் பல இடங்களில் ஹூக்ளி அந்தக் களிமண் போர்வையின்மேல்தான் ஓடுகிறது. கீழ் மணலைத் தொடுவதே இல்லை. அப்படியிருந்தும் கரையோரக் கிணறுகளில் மட்டம் ஆடலாம். ஏறிய நீரின் பாரம் களிமண்ணை அழுத்துகிறது, அது கீழுள்ள மணலை அழுத்துகிறது. பால் பாக்கெட்டின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை புடைப்பதுபோல் கிணற்றில் மட்டம் உயர்கிறது. ஆற்றுநீர் ஒரு சொட்டுகூடக் கிணற்றுக்குள் வரவில்லை. மட்டம் ஆடுகிறது என்பதாலேயே உப்பு உள்ளே வருகிறது என்று அஞ்சி நல்ல கிணற்றை மூடிவிடாதீர்கள். மட்டத்தையும் உப்பையும் சேர்த்து அளக்காமல் எந்த முடிவும் வேண்டாம்.

பருவம் செய்யும் வேலை

மண்ணுக்குள் அலை எவ்வளவு தூரம் போகும் என்பது அதன் கால அளவைப் பொறுத்தது. பன்னிரண்டரை மணி நேர ஓதம் போகும் தூரத்தைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்றுக் கூடுதலாகப் போகிறது, பெரிய ஓதமும் சின்ன ஓதமும் மாறிமாறி வரும் பதினைந்து நாள் அலை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை–கோடை அலை ஏறக்குறைய 26 மடங்கு போகிறது. தினசரி ஓதம் எட்டாத கிணற்றையும் பருவம் எட்டிப்பிடிக்கும். உப்பு நகர்வதற்குப் போதுமான காலமும் பருவத்துக்குத்தான் இருக்கிறது. ஏற்றத்தின்போது மணலுக்குள் கொஞ்சம் முன்னேறிய உப்பு வற்றத்தின்போது கொஞ்சம் பின்வாங்கிவிடும். பிப்ரவரியில் புறப்பட்ட உப்புக்கோ ஜூன் வரை தடையில்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை கொல்கத்தாவை எட்டுகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே இங்கே மேல்மட்டக் கிணறுகள் மிக நன்றாக இருப்பது செப்டம்பர் முதல் நவம்பர் வரை. மிக மோசமாக இருப்பது ஏப்ரல், மே. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற இடங்களில் நல்ல நீரின் உச்சம் மார்கழி, தையில் வரும். அந்தப் பழக்கத்தில் ஜனவரி அளவீட்டை ஆண்டின் சிறந்த அளவு என்று இங்கே எழுதிவைத்தால் தவறிவிடும். ஜனவரியில் கொல்கத்தாக் கிணறு ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருக்கிறது.

ஆற்றில் இந்தப் பருவ மாற்றத்தின் மேல் ஓர் ஒப்பந்தமும் ஏறி நிற்கிறது. 1975-இல் கங்கையில் ஃபராக்கா அணை திறக்கப்படும் முன்பு, கோடையில் மேலிருந்து வரும் நன்னீர் மெலிந்து, ஓதத்தோடு உப்பு மேலேறி, நகருக்கு வடக்கே பல்தாவில் எடுக்கும் குடிநீரையே தொட்டது. அணையின் கால்வாய் விநாடிக்கு 40,000 கன அடி கொண்டுவரும்படி அமைக்கப்பட்டது. துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்வதும் உப்பைக் கீழே தள்ளுவதும் அதன் வேலை. 1996 டிசம்பரில் வங்கதேசத்துடன் செய்த 30 ஆண்டு கங்கை ஒப்பந்தப்படி ஜனவரி முதல் மே வரை நீர் பகிரப்படுகிறது. மார்ச் 11 முதல் மே 10 வரை, பத்துப்பத்து நாட்களாக மாறிமாறி ஒவ்வொரு நாட்டுக்கும் விநாடிக்கு 35,000 கன அடி உறுதி. ஆகவே கோடையில் ஹூக்ளியின் உவர்ப்பைப் படிப்பவர்கள் திதியோடு இந்தப் பத்து நாள் முறையையும் பார்க்க வேண்டும். ஆற்றிலிருந்தோ கழியிலிருந்தோ நீர் எடுப்பவர்களுக்கு எளிய விதி ஒன்று உண்டு: ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தில் உப்பு மிகுதி, வற்றம் முடிந்து நிற்கும் நேரத்தில் குறைவு. வற்றத்தின் கடைசியில் எடுங்கள்.

நகரின் கிழக்கே கதை இன்னும் கூர்மையானது. வித்யாதரி ஆறு ஒரு காலத்தில் கடல் ஓதத்தைக் கொல்கத்தாவின் வாசல்வரை கொண்டுவந்தது. உப்பு ஏரிகள் என்ற பெயரே அதனால் வந்தது. வண்டல் தூர்ந்து 1928-இல் அந்த ஆறு செத்துப்போனதாக அறிவிக்கப்பட்டது. உவர்நீர் மீன் வளர்த்த குளங்கள் நகரத்துக் கழிவுநீர் மீன்குளங்களாக மாறின. 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த 12,500 ஹெக்டேர் கிழக்குக் கொல்கத்தா சதுப்புநிலம் அதுதான். மேலே நீர் நன்னீராகிவிட்டது; கீழே களிமண்ணில் பழைய உவர்ப்பு இன்னும் இருக்கலாம். அங்கே வீடு கட்டுபவர்கள் மேல்குளத்து நீரைச் சுவைத்துப் பார்த்துக் கீழ்நீரைப் பற்றி முடிவு செய்யக் கூடாது.

தெற்கே: உப்பு மேலே, நன்னீர் கீழே

கடலோர நிலத்தடி நீர் என்றதும் பொறியாளர்கள் மனத்தில் வரும் படம், கனமான கடல்நீரின்மேல் நன்னீர் மிதப்பது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டச்சுக்காரர் கைபன், 1901-இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் தந்த விதி அது: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். திருவான்மியூர் மணலுக்கும், திகா, பக்காலியின் மணல்மேடுகளுக்கும் இது பொருந்தும். அங்கே மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் உப்பு 40 மீட்டர் மேலேறும் வாய்ப்பு உண்டு என்பதால், ஒரு பெரிய மோட்டாரைவிட ஆழமில்லாத சின்னக் கிணறுகள் பல நல்லது.

சுந்தரவனத்தில் இந்தப் படம் தலைகீழ். கோசபாவிலும் காக்துவீப்பிலும் சாகரிலும் மேலே உள்ள மணல் அடுக்குகளில் உவர்நீர். தடித்த களிமண்ணைத் துளைத்து 160 மீட்டருக்குக் கீழே, சில இடங்களில் 300 மீட்டரையும் தாண்டிப் போனால் நன்னீர். இரண்டையும் பிரித்துவைப்பது அந்தக் களிமண் மட்டுமே. அதில் நாம் போடும் ஒவ்வொரு துளையும் உப்பு கீழே இறங்க ஒரு பாதை. ஆகவே கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியைக் களிமண்ணாலோ சிமென்டாலோ அடைப்பதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். உவர் அடுக்கைக் கடக்கும் பகுதியில் இரும்பு பைப் சில ஆண்டுகளில் அரித்து ஓட்டை விழும், பிவிசி போடுங்கள். கைவிட்ட குழாய்க் கிணற்றை அப்படியே திறந்துவிட்டுப் போகாமல் அடிமுதல் மேல்வரை அடைத்து மூடுங்கள். இந்த ஆழத்து நீர் மிகப் பழையது. இந்த ஆண்டு பெய்த மழை அடுத்த ஆண்டு அங்கே போய்ச் சேராது. மழைக்குப் பின் மட்டம் ஏறுவதைக் கண்டு நீர் நிரம்பிவிட்டது என்று மகிழ வேண்டாம். பெரும்பாலும் கோடை நெல்லுக்கு இறைத்த மோட்டார்கள் நின்றதால் அழுத்தம் மீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேல்மண்ணில் பருவம் கண்ணுக்குத் தெரியும். மழை உப்பைக் கீழே கழுவுகிறது. பிப்ரவரிக்குப் பின் களிமண் காயக் காய அது நீரோடு மேலேறி வெள்ளையாகப் பூக்கிறது. கானிங்கில் உள்ள மத்திய உவர்மண் ஆய்வு நிலையம் இதற்காகப் பரப்பிய முறை எளிது: நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஏறக்குறைய 3 மீட்டர் ஆழத்துக்குக் குளமாக வெட்டி, மண்ணை மற்ற நிலத்தின்மேல் ஏற்றி, மழைநீரைக் கோடைக்குத் தேக்குவது. ஆழம் கூடினால் நீர் கூடும் என்று ஆசைப்பட்டு மேலும் வெட்டினால் கீழே உள்ள உவர்நீர் குளத்துக்குள் ஊறிவிடும். வைக்கோல் மூடாக்கும் மேலேறும் உப்பைக் குறைக்கும்.

மே மாதப் புயல்

அய்லா 2009 மே 25-இல் வந்தது, அமாவாசைக்கு மறுநாள். ஆம்பன் 2020 மே 20, அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. யாஸ் 2021 மே 26, சரியாகப் பௌர்ணமி. யாஸ் கரையேறியது ஒடிசாவில். இருந்தும் பௌர்ணமி ஓதம் சேர்ந்துகொண்டதால் சுந்தரவனத்தின் கரைகள் உடைந்தன. மூன்றும் மே மாதத்தின் பின்பாதி, மூன்றும் பெரிய ஓதத்தை ஒட்டியவை. நிலத்தடி மட்டம் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து, களிமண் வெடித்துக் கிடக்கும் நேரத்தில்தான் கடல்நீர் வயலின்மேல் நிற்கிறது. கடல்நீர் கனமானது, வெடிப்பு வழியே இறங்கி மேல்மட்ட நன்னீரைத் துளைத்துக்கொண்டு கீழே போகும்.

அப்போது செய்ய வேண்டியது நேரத்தோடு போட்டி. பருவமழை வர இரண்டு, மூன்று வாரமே இருக்கும். உடைந்த கரையை அடைத்தவுடன், ஒவ்வொரு வற்றத்திலும் மதகைத் திறந்து நிற்கும் உப்புநீரை வடியுங்கள். ஏற்றத்துக்கு முன் மூடுங்கள். குளத்தை முழுதும் இறைத்து அடிச்சேற்றையும் அள்ளுங்கள். முதல் மழையைத் தேக்காமல் கழுவிவிட்டு, உப்பு இறங்கிய பிறகு தேக்குங்கள். மேல்மட்டக் கிணற்றை மட்டும் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பில் உதவி செய்ய வந்தவர்கள் கிணறுகளைப் பலமுறை இறைத்துக் கொட்டினார்கள்; அதனால் பெரிய பலன் கிட்டவில்லை, மிகையாக இறைத்தால் கீழுள்ள உவர்நீர் மேலேறும் என்று அங்கே ஆய்ந்தவர்கள் எச்சரித்தார்கள். கிணறுகளை மீட்டது அடுத்தடுத்து வந்த மழைதான். கிணற்றில் விழுந்த சேற்றையும் குப்பையையும் அகற்ற ஒருமுறை இறைத்தால் போதும். அடுத்த புயலுக்கு முன் அடிபம்பின் மேடையை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள்.

அளக்கும் முறை

தேவையானவை: மின்கடத்துத்திறனோ டிடிஎஸ்ஸோ காட்டும் மீட்டர், மட்டம் பார்க்கும் நாடா, ஆழத்திலிருந்து நீர் எடுக்க எடை கட்டிய மூடியுள்ள குப்பி, நோட்டுப்புத்தகம். முந்தைய இரவிலிருந்து அந்தக் கிணற்றை இறைக்க வேண்டாம். பெரிய ஓத நாள் ஒன்றில் 13 மணி நேரம், மணிக்கு ஒருமுறை மட்டமும் உப்பும் எழுதுங்கள். ஏழு நாள் கழித்துச் சின்ன ஓதத்தில் அதையே செய்யுங்கள். மே மாதத்தில் மழைக்கு முன், ஆகஸ்டில், நவம்பரில் என்று ஆண்டுக்கு மூன்று முறை இந்தச் சுற்று வேண்டும். திறந்த கிணற்றில் மேல்நீரை மட்டும் மொண்டு அளக்காதீர்கள். உப்பு அடியில் படிந்திருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, திதி, ஏற்றமா வற்றமா, கடைசி மழை எப்போது, ஃபில்டர் பைப் எந்த ஆழத்தில் என்பதை எழுதுங்கள். ஆழம் எழுதாத அளவீடு இங்கே எதற்கும் பயன்படாது.

ஒப்பிட இந்திய தரநிலை இருக்கிறது: குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2000 வரை, குளோரைடு 250, வேறு வழியில்லாத போது 1000. கடல்நீரில் குளோரைடு ஏறக்குறைய 19,000. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தாலே முதல் வரம்பு தாண்டிவிடும்.

மட்டமும் உப்பும் இரண்டுமே ஓதத்தோடு ஆடினால், ஆற்றுக்கோ கழிக்கோ திறந்த வழி இருக்கிறது, அல்லது பைப் கசிகிறது. வற்றத்தில் மட்டும் இறைத்துப் பாருங்கள், பைப்பையும் சோதியுங்கள். மட்டம் ஆடி உப்பு அசையாமல் நின்றால் அது வெறும் அழுத்தம். கோடையில் உப்பு ஏறி மழைக்குப் பின் பழைய இடத்துக்கே திரும்பினால் பருவம். ஏப்ரல், மே மாதங்களில் குடிக்க வேறு நீர் வைத்துக்கொண்டு அந்தக் கிணற்றைத் தொடரலாம். நான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக மதிப்பது மே மாத எண்ணை முந்தைய மே மாத எண்ணோடு ஒப்பிடுவதை. நவம்பரோடு மே மாதத்தை ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும். மே மாத எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனால் அது ஓதமும் அல்ல, பருவமும் அல்ல. இறைப்பு இழுத்துவரும் உப்பு. உடனே இறைக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள், பக்கத்துக் கிணறுகளின் நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், மாநில நீர் ஆய்வுத் துறைக்கு எண்களோடு எழுதுங்கள். புதிய போர்வெல்லுக்கு 2005-ஆம் ஆண்டு மேற்கு வங்க நிலத்தடி நீர்ச் சட்டப்படி அனுமதி தேவையா என்று அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறுதியாக, மீட்டர் காட்டாத ஒன்று. மேற்கு வங்கத்தில் ஆர்செனிக் நச்சு 1980-களின் தொடக்கத்தில் கண்டறியப்பட்டது. பாரூய்பூர் உட்பட இரு 24 பர்கனா மாவட்டங்களிலும் பல இடங்களில், பெரும்பாலும் 100 மீட்டர் ஆழத்துக்குள் உள்ள மணல் அடுக்குகளில் இருக்கிறது. அந்த நீர் தித்திப்பாக இருக்கும், டிடிஎஸ் குறைவாகவே காட்டும். வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், சோதனைக்கூடத்தில்தான் தெரியும். உப்பில்லாத கிணறு கிடைத்ததும் முதல் வேலையாக அதன் நீரை ஆர்செனிக் சோதனைக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை யாரையும் குடிக்க விடாதீர்கள்.